ஒன்பதாம் ஸ்லாட் கேட்ட நூறு வாட்

வாலு பே சாலையில் இருக்கும் எங்கள் சர்வர் அறைக்கு அன்று மதியம் நனைந்துகொண்டேதான் போனேன். ஃபிஜியின் சூவாவில் மழைக்குக் காரணம் கேட்பவன் ஊருக்குப் புதியவன்.

உள்ளே பதினெட்டு டிகிரி. நடுவில் சர்வர்களைச் செருகும் அந்தப் பெட்டி. அதில் பத்து ஸ்லாட். எட்டில் தட்டையான சர்வர்கள், மற்ற இரண்டும் காலி, தகர மூடி போட்டு அடைத்தவை. முன்பக்கம் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் துப்பும். நடுக்கம் தாங்காவிட்டால் பின்னால் போய்க் குளிர்காய்வோம்.

எங்களோடு வேலை செய்த ரொபாதே அப்படிக் குளிர்காயும்போதுதான் செத்தான். பவர் சப்ளை ஒன்று புகைந்தது. தீயோடு ஆளின் மூச்சையும் அமுக்கும் வாயுவைத் திறந்துவிட்டவன் நான். முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் பார்க்கவில்லை. எத்தனை முறை சொல்லி அழுதாலும் எனக்கு ஆறவில்லை.

அவன் மனைவி மெரேசேயினியும் எங்களோடுதான் வேலை செய்தாள். அறைக்கு எவ்வளவு குளிரூட்டல் வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள். அடக்கம் முடிந்து அவள் திரும்பி வந்த அன்று, காலியாக இருந்த ஒன்பதாம் ஸ்லாட் மின்சாரம் கேட்டது. எந்த சர்வரும் இயங்கத் தொடங்கும் முன் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று பெட்டியின் சின்னத் திரையில் கேட்கும்; நாங்கள் அனுமதி தர வேண்டும். வழக்கமாக முந்நூறு, நானூறு வாட்.

இது கேட்டது நூறு.

"சென்சார் கோளாறு," என்றேன்.

"ரூமுக்குள்ள இருக்கிற ஒரு ஆளோட உடம்புச் சூட்டுக்கு நான் கணக்குல எவ்வளவு போடுவேன், அபிசாய்?"

நூறு வாட். எனக்கும் தெரியும்.

மெரேசேயினி அனுமதி கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் டின் மீனும் எடுத்துக்கொண்டு தினமும் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஒரே மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். அந்தச் சூட்டிலிருந்து வருபவளின் கை ஐஸாக இருந்தது. அவளையும் சாகவிடக் கூடாது என்றுதான், வேலைகளை எல்லாம் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, அந்த மழை மதியம் இதை அணைக்க வந்திருந்தேன்.

"மெரே, வெளிய வா. அணைக்கப் போறேன்."

பின்னாலிருந்து மெல்லிய சிரிப்பு.

"அவனுக்கு உன்மேல கோவம் இல்லடா. குளிருதுன்னுதான் சொல்றான்."

"வந்துடு, மெரே."

"நீ அணைச்சுக்கோ. நாங்க பாத்துக்கறோம்."

ஆறு மின்கம்பிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விசிறிகளின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது.

தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. ரொபாதே தலைக்குத் தடவுவது.

"மெரே?"



பின்பக்கம் ஓடினேன். பெட்டியில் முதுகைச் சாய்த்து, கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. மூச்சும் இல்லை. கத்தி ஆள் கூப்பிட்டபடி முன்பக்கம் வந்தேன்.

அணைந்துபோன பெட்டியின் சின்னத் திரை எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் ஸ்லாட், அனுமதி கேட்டு.

இருநூறு வாட்.

கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

பிடுங்கிய கம்பிகளை இன்றுவரை யாரும் செருகவில்லை. பின்பக்கம் இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது.