விலை தெரிய முதலாளியைக் கார்ட்டில் சேர்க்கவும்

'வீல்' என்று ஓர் அலறல்!

மூன்றாவது மாடி முழுக்கக் கேட்டது. விலைப்பிரிவில் இருந்த பதினோரு பேரும் நாற்காலியோடு திரும்பினார்கள். அலறியது யாரோ சின்னப் பெண் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். அலறியவர் விலைப்பிரிவின் தலைவர். நாற்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். எந்தப் பொருளுக்கு விலை வைத்தாலும் தொண்ணூற்றொன்பதில்தான் முடிப்பார். அதனால் ஆபீசில் அவருக்குத் தொண்ணூற்றொன்பது என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் விரல் கம்ப்யூட்டர் திரையைக் காட்டியது.

திரையில் அவர்களுடைய ஆன்லைன் கடை. மிக்சிக்கும் மெத்தைக்கும் நடுவே...

முதலாளி!

நாற்காலியில் கட்டிப்போடப்பட்டிருந்தார். வாயில் கடையின் மஞ்சள் பேக்கிங் டேப். கண் இரண்டும் பிதுங்கியிருந்தன.

படத்துக்குக் கீழே விவரம். 'முதலாளி. ஐம்பத்திரண்டு வருடம் பழையது. லேசான வழுக்கை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். கையிருப்பு: ஒன்று. மாலை ஐந்து மணிக்குள் விற்காவிட்டால் சரக்கு அழிக்கப்படும்.'

விலை இருக்க வேண்டிய இடத்தில் விலை இல்லை. அந்தக் கடையில் எதற்குத்தான் இருந்தது? வழக்கமான வாசகம்தான்.

'விலை தெரிய கார்ட்டில் சேர்க்கவும்.'

மணி இரண்டரை.

*

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குள்ளமான பெண்மணி. குரல் மட்டும் ஆறடி. வந்ததும் வராததுமாக எல்லோரையும் ஓர் அதட்டல் போட்டு விரட்டிவிட்டு, மூன்று பேரை மட்டும் மீட்டிங் அறையில் உட்கார வைத்தார்.

முதல் ஆள் முதலாளியம்மா. கணவர் காலை எட்டு மணிக்கு டாக்சி பிடித்து ஆபீசுக்குக் கிளம்பினார், அதற்கு மேல் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதிர்ச்சியில் கண்ணீர்கூட வரவில்லை பாவம் என்று தொண்ணூற்றொன்பது நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஆள் அந்தம்மாவின் தம்பி. டெலிவரிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். ஆபீசே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும். கம்பெனியை விலைக்கு வாங்க ஐந்து மணிக்கு ஒரு பெரிய பார்ட்டி வருகிறது, அத்தான் இல்லாவிட்டால் எல்லாம் அவுட் என்று அவர் கைக்கடிகாரத்திடம் புலம்பினார்.

மூன்றாவது ஆள் நம் தொண்ணூற்றொன்பது.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"விலைய ஏன்யா மறைக்கறீங்க?"

"பாத்தா ஓடிடுவாங்க மேடம். கார்ட்ல போட்டுட்டா மனசு பாதி வாங்கிடும். அப்புறமா விலையக் காட்டினா, சரி தொலையட்டும்னு மீதி மனசும் வாங்கிடும்."

"இதுக்கு எங்க ஸ்டேஷன்ல வேற பேரு."

தொண்ணூற்றொன்பது தலையைக் குனிந்துகொண்டார். கேட்காததையும் கொட்டினார். ஒரே பொருள்தான், ஆனால் ஆளுக்கொரு விலை. யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று புரோகிராம் மோப்பம் பிடித்து, அவரவர் கார்ட்டில் அவரவர் விலையைக் காட்டும். யோசனை முதலாளியுடையது. எழுதியது இவர்.

சரி, இந்தச் சரக்கை ஏற்றியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அங்கேதான் சிக்கல். விற்பவரின் பெயர் யாருக்கும் தெரியாது. சரக்கை எடுக்கப் போக வேண்டிய முகவரியும் தெரியாது. தெரிந்தால் வாடிக்கையாளர்கள் கடையை விட்டுவிட்டு விற்பவரிடம் நேராகப் போய்விடுவார்களாம். அதனால் எல்லாவற்றுக்கும் பூட்டு. திறக்கும் அதிகாரம் முதலாளிக்கு மட்டும்.

அந்த முதலாளிதான் இப்போது சரக்கு!

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"விலைய மறைக்கற புரோகிராம எழுதினது நீ. சரக்கு ஏத்தத் தெரிஞ்சது நீ. முதல்ல பாத்து அலறினதும் நீ. அஞ்சு மணிக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா ராத்திரி உனக்கு லாக்கப்லதான் படுக்கை."

தொண்ணூற்றொன்பதுக்குப் பெண்களின் ஞாபகம் வந்தது. அப்பா ஜெயிலில் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பெண்கள் இரண்டும் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்? சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது என்றது. இன்னும் எழுபது நிமிடம். அதற்குள் முதலாளி வர வேண்டும். இல்லாவிட்டால் இவர் போக வேண்டும்.

அவர் மூளை ஓடியது... தடுக்கியது... மறுபடி ஓடியது... சட்டென்று நின்றது.

"மேடம், ஒரு வழி இருக்கு."

சரக்கை ஏற்றுகிறவர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு வசதி உண்டு. ஏற்றிய ஆளே அதைத் தன் கார்ட்டில் போட்டால், அவருக்கு மட்டும் விலை பூஜ்யம் என்று காட்டும். வேறு எவருக்கும் காட்டாது.

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

"எல்லாரும் போன எடுங்க. முதலாளியக் கார்ட்ல போடுங்க."

*

முதலில் முதலாளியம்மா.

ஒரு கோடியே நாற்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பது!

விலையே பார்க்காமல் வாங்குகிறவர்களுக்கு அப்படித்தான் வரும் என்று தொண்ணூற்றொன்பது தயங்கித் தயங்கி விளக்கினார். அந்தம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த மனுஷனுக்கா?" என்றார்.

அடுத்தது மச்சான். எண்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பது. பேக்கிங் கட்டணம் தனி. அத்தானை மீட்க அந்தப் பணத்தைக் கட்டுவாரா என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். யோசிக்க வேண்டும் என்றார் மச்சான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். யோசித்துவிட்டுக் கட்டுவேன் என்று சொல்ல வந்ததாக மச்சான் மழுப்பினார்.

இன்ஸ்பெக்டருக்குக் கை அரித்தது போலும். தன் போனிலும் போட்டுப் பார்த்தார். அறுபத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பது! கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமலே ஓடுகிற ஆட்களுக்கு விலை குறையும் என்று தெரிந்ததும் மீசையில்லாத குறையாக முறுக்கிக்கொண்டார். உடனே முகம் மாறியது.

"யோவ், இன்னும் ஏழு பேர் இந்தப் பொருளப் பாக்கறாங்கன்னு போட்டிருக்கு. யாருய்யா அந்த ஏழு பேர்?"

"அது சும்மா மேடம். எல்லாப் பொருளுக்கும் ஏழுன்னுதான் போடும்."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். போன வாரம்தான் அந்த ஏழு பேரை நம்பி அவசர அவசரமாக ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கியிருந்தார்.

"இப்ப நீ போடு."

தொண்ணூற்றொன்பது கொஞ்சமும் தயங்கவில்லை. மடியில் கனமில்லாத மனுஷன். தைரியமாகப் போட்டார். போனை மேஜை நடுவில் வைத்தார்.

எல்லோரும் குனிந்தார்கள்.

பூஜ்யம்!

கீழே, 'வாழ்த்துகள், உங்களுக்கு டெலிவரியும் இலவசம்' என்று வேறு இருந்தது.

"அடப்பாவி" என்றார் மச்சான்.

க்ளிக்! தொண்ணூற்றொன்பதின் இடது கையில் விலங்கு விழுந்தது. நான் இல்லை, என் லாகினில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நாலு தடவை சொன்னார். இதையே ஜட்ஜிடம் சொல்லும்படி இன்ஸ்பெக்டர் சிபாரிசு செய்தார். தானே தோண்டிய குழியில் தானே, அதுவும் தானே வழி சொல்லி, போய் விழுந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மணி நாலு பத்து.

இன்ஸ்பெக்டர் கதவு வரை இழுத்துப் போனார். அங்கே மனுஷன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மேடம், எனக்குப் பூஜ்யம்தானே?"

"அதான் மாட்டிக்கிட்டியே."

"இல்ல மேடம். பூஜ்யம்னா... நான் வாங்கிடலாமே!"

இன்ஸ்பெக்டர் இழுப்பதை நிறுத்தினார்.

தொண்ணூற்றொன்பது மடமடவென்று கொட்டினார். வாங்காதவரைதான் முகவரிக்குப் பூட்டு. ஆர்டர் விழுந்த நொடியில், சரக்கை எடுக்க வேண்டிய முகவரி பக்கத்தில் இருக்கும் டெலிவரிக்காரரின் போனுக்குத் தானாகப் போய்விடும். அதை முதலாளியால்கூடத் தடுக்க முடியாது. முகவரி கொடுக்காமல் சரக்கை ஏற்றவும் முடியாது, ஃபாரம் நகராது.

இன்ஸ்பெக்டர் இரண்டு நொடி யோசித்தார். விலங்கு மாட்டாத வலது கையைக் கண்ணால் காட்டினார்.

"வாங்குய்யா."

தொண்ணூற்றொன்பது கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். டிங்!

'நன்றி. முதலாளி இனி உங்களுடையவர்.'

*

நாலு முப்பதுக்குத் தொண்ணூற்றொன்பதின் போன் அலறியது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைப் போட்டார்.

டெலிவரிக்காரர்.

"சார், உங்க ஆர்டர எடுக்க வந்திருக்கேன். வீடு பூட்டியிருக்கு. உள்ளேர்ந்து யாரோ கதவ ஒதைக்கறாங்க. அதான் சரக்கா?"

"அட்ரஸப் படிய்யா" என்று இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார்.

டெலிவரிக்காரர் நிதானமாகப் படித்தார். கதவு எண் பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. பச்சை கேட். மாடி வீடு.

மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அது... அக்கா வீடு."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின.

முதலாளியம்மா அசையவில்லை. போனுக்குப் பக்கமாக லேசாகக் குனிந்தார்.

"கதவ ஒடைச்சிடாதப்பா. தேக்குக் கதவு. செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழ சாவி இருக்கு, எடுத்துக்கோ."

இன்ஸ்பெக்டர் தொண்ணூற்றொன்பதின் விலங்கைக் கழற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த தொண்ணூற்றொன்பது தன் லாகினைத் திறந்துவிட்டு, மூடாமலே போயிருக்கிறார். இன்று காலை டை கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக் கணவரை நாற்காலியில் உட்கார வைத்தாராம். மனுஷன் நம்பி உட்கார்ந்தாராம். முகவரியை மட்டும் ஏன் மாற்றிப் போடவில்லை என்று கேட்டதற்குத்தான் கொஞ்சம் வெட்கப்பட்டார். எந்த ஃபாரத்தைப் பார்த்தாலும் கை தானாக வீட்டு முகவரியை அடித்துவிடுகிறதாம்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"கம்பெனில பாதி என் பேர்ல இருக்கு. விக்கணும்னா என் கையெழுத்து வேணும். எவ்வளவுக்கு விக்கறீங்கன்னு ஒரு மாசமாக் கேக்கறேன். நீ முதல்ல கையெழுத்தப் போடு, அப்புறம் விலை சொல்றேங்கறாரு." அவர் குரல் முதன்முறையாக உடைந்தது. "இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நான் என்ன, வழியில போற கஸ்டமரா?"

தொண்ணூற்றொன்பதுக்குச் சுருக்கென்றது. அந்தப் புரோகிராமை எழுதிய கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குச் சரக்கை அழிப்பதாகப் போட்டிருந்ததே, அது என்ன என்றார் இன்ஸ்பெக்டர்.

"அஞ்சு மணிக்கு அவர் காபி குடிப்பாரு. போய்ப் போட்டுக் குடுத்திருப்பேன்."

*

நாலு ஐம்பத்தைந்துக்கு லிஃப்ட் திறந்தது. டெலிவரிக்காரர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் நாற்காலி. நாற்காலியில் முதலாளி. வாயில் டேப்போடு!

பேக்கிங்கைப் பிரிக்கக் கூடாது என்பது கம்பெனி ரூலாம். தொண்ணூற்றொன்பது பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் டேப்பை ஒரே இழுப்பில் உரித்தார்.

"இவளப் பிடிச்சு உள்ள போடுங்க! கேஸ் எழுதுங்க!"

எழுதலாமே என்று இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். கடத்தப்பட்டவர் எப்படி மீட்கப்பட்டார் என்பதையும் எழுத வேண்டும், பேப்பர்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றார்.

"எழுதிக்கறேன் சார். ஆன்லைன் கடை முதலாளி, பூஜ்யம் ரூபாய்க்கு விற்பனை. டெலிவரி இலவசம். சரிதானே?"

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. குடும்ப விஷயம், கேஸ் எதற்கு என்று முனகினார். நோட்டு மூடிக்கொண்டது.

முதலாளியம்மா எழுந்து வந்து அவர் எதிரே நின்றார். கம்பெனியை எவ்வளவுக்கு விற்கிறார் என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கடைசியில் ஒன்பது கோடி என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

"இதச் சொல்ல ஒரு மாசமா? விக்க வேணாம். கீழ வந்திருக்கறவங்கள அனுப்பிடு தம்பி" என்றார் அந்தம்மா.

மச்சான் ஓடினார். முதலாளி பெருமூச்சு விட்டார். கட்டை அவிழ்த்துவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? வாங்கினது இவருதானே."

"அய்யய்யோ" என்று பதறி, ரிட்டர்ன் செய்ய முடியுமா என்று தொண்ணூற்றொன்பது டெலிவரிக்காரரைப் பார்த்தார். ஆஃபரில் எடுத்த சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது, ரூல் போட்டதே இதோ உட்கார்ந்திருக்கிற சரக்குதான் என்றார் அவர்.

முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார். ராத்திரி பயங்கரமாக் குறட்டை விடுவாரு... விளம்பரத்துல போட்டா எவன் வாங்குவான்னுதான் போடல!"