இது என் சோதனை இல்லை

சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்தியிருந்தார்கள். ஆனால் புகார் செய்யப்பட்ட அந்த மெயிலை அவள் அனுப்பவே இல்லை.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு ‘மெயில் போலீஸ்’ என்று பேர். வைரஸும் குப்பை மெயிலும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது வேலை. அதற்காக அவ்வப்போது அவளே ஒரு போலி மெயில் தயாரித்து எல்லாருக்கும் அனுப்புவாள். ஏமாந்து எதையாவது கிளிக் செய்தவர்களுக்கு உட்காரவைத்துப் பாடம். திரை மூலையிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி, முதலில் புகார் செய்தவருக்குச் சாக்லேட். அவசரப்படுத்தினால் நம்பாதே, பயமுறுத்தினால் நம்பவே நம்பாதே என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதில் எல்லாரும் தேறிவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வெளியே மழை பிடித்து மத்தியானமே இருட்டிக் கிடந்தது. மூன்றாம் மாடியில், சர்வர் விசிறிகளின் ஓயாத இரைச்சலும் சூடேறிய தூசியின் வாடையும் அடைத்த தன் சின்ன அறையில், யாருடா இது என் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுவது என்று முனகியபடி அவள் அந்த மெயிலைத் திறந்தாள்.

‘கீழ ஒருத்தன் வந்துட்டான் கைல கோடாலி. காவலாளிய வெட்டிட்டான். எல்லாரும் கதவ பூட்டுங்க சீக்கரம்’

அனுப்பியவர் வரவேற்பு மேசைப் பெண். பெயரை எவனும் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் முகவரியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. மெயில் வந்த வழியைத் தோண்டினாள். தரைத்தளக் கணினியிலிருந்தே கிளம்பியிருந்தது. இணைப்பு இல்லை, கிளிக் செய்யச் சொல்லி எதுவும் இல்லை. போலி மெயில் என்றால் உன்னிடமிருந்து ஏதாவது கேட்கும். கதவைப் பூட்டு என்பதைத் தவிர இது எதையுமே கேட்கவில்லை.

வரவேற்புக்குப் போன் போட்டாள். எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது, மாடியேறி வந்தவன் விடுவதுபோல. பிறகு ஈரத் துணியைத் தரையில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், நிதானமாக, திரும்பத் திரும்ப.

திரையில் புகார்கள் குவிந்தன. முதல் மாடிக்காரர் ஒருவர் கேலியும் சேர்த்திருந்தார்: ‘இந்தத் தடவ கோடாலியா? அசத்துறீங்க மேடம். சாக்லேட் எனக்குத்தான்!’

போலீசுக்குச் சொன்னாள். வருவதாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் மெயில் தட்டினாள்: ‘இது என் சோதனை இல்லை. உண்மை. கதவைப் பூட்டுங்கள். சீக்கிரம்.’

அதையும் புகார் செய்தார்கள்.

முதலில் இரண்டாம் மாடி. பிறகு முதல் மாடி. பிறகு முதல் மாடியிலிருந்து எதுவும் வரவில்லை.

கடவுளே. இரண்டாம் மாடியில் பாப்பா இருக்கிறாள். கணக்குப் பிரிவில் அவள் தங்கை. கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். அவளுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, கதவ சாத்துடி! எல்லாரும் மேசைய இழுத்துப் போடுங்க!"

"ஐயோ அக்கா, போதும்." தங்கை சிரித்தாள். "போன்லயுமா சோதனை?"

"சோதனை இல்லடி! சத்தியமா இல்ல!"

"குரலைக்கூட போலியா செய்வாங்க, அவசரம்னு யார் கூப்பிட்டாலும் வச்சிட்டு நீயே திருப்பிக் கூப்பிடுன்னு சொன்னது யாரு? வை, நானே கூப்பிடறேன்."

"வைக்காதடீ—"

வைத்துவிட்டாள். இவள் மறுபடி அழைத்தாள். தங்கையும் அதே நேரம் அழைத்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இணைப்பு கிடைக்காமல் திணறியது. சனியனே, கிடைடா! கடைசியில் போன் அடித்தது.

"ம், இப்ப சொல்லு. நீதான்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள் தங்கை பெருமையாக. அவள் பின்னால் கண்ணாடி நொறுங்கியது. நாற்காலிகள் சரிந்தன. ஒரு ஆண் குரல் அலறி, பாதியில் நின்றது.

"அக்கா... அக்கா, அவன்..."

வெட்டு. எலும்பில் இறங்கும் சத்தம். தங்கை கத்தியது மனுஷக் குரலாகவே இல்லை. மறுபடி வெட்டு. போன் தரையில் உருண்டது. யாரோ எதையோ இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

அவள் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத் தள்ளினாள். அது தரையோடு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. அசையவில்லை. கதவு இரும்பு, வெளியிலிருந்து விரல்ரேகை வைத்தால்தான் திறக்கும். கோடாலியால் ஒன்றும் ஆகாது. இயந்திரத்தில் இருப்பது இரண்டே பேரின் ரேகை. ஒன்று அவளுடையது. இன்னொன்று, மத்தியானம் சேர்ந்து சாப்பிட வருவாளே பாப்பா, அவளுடையது.

படியில் காலடி.

மேலே வந்தது. நின்றது. சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

கதவுக்கு மேலிருந்த கேமராவின் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். முகம் தெரியவில்லை. குனிந்த முதுகு. தோளில் கோடாலி. ரேகைக் கண்ணாடிமேல் தங்கையின் ஆள்காட்டி விரல், அவள் காலையில் பூசியிருந்த நீல நகச்சாயம், அவள் வளையல், அவள் முழங்கை. முழங்கைக்கு அப்பால் தங்கை இல்லை. அங்கே இன்னொரு கை அதை இறுகப் பிடித்திருந்தது.

விரலில் ரத்தம். இயந்திரம் ஏற்கவில்லை.

அவன் அந்த விரலைத் தன் சட்டையில் பொறுமையாகத் துடைத்து, மறுபடி வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.