ஒரே ஒரு நாசில்

"ஐயய்யோ... ரத்தம்!"

வாட்ச்மேன் பால்ராஜின் அலறல் அம்பத்தூர் எஸ்டேட்டில் யார் காதிலும் விழவில்லை. ஆயுத பூஜை. எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

முதலாளி மணவாளனின் ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியிலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. கதவிலேயே பதித்த பூட்டு. ஆணியில் தொங்க வேண்டிய சாவியைக் காணோம்!

சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி ஜீப்பிலிருந்து குதித்தார்.

"சாவி யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதாம்மா... மொதலாளி உள்ளதான் இருந்தாரு, நான் துன்னப் போயிருந்தேன், அதுக்குள்ள..."

"நல்ல கதை. கங்காதரன், விலங்கு!"

"அம்மா! எம் பொஞ்சாதிக்கு இது எட்டாம் மாசம்மா... நான் ஒண்ணும் பண்லம்மா!"

கான்ஸ்டபிள் கங்காதரன் விலங்கை மாட்டிவிட்டு, தோளால் கதவை மோதினார். கதவு அசையவில்லை. தோள்தான் அசைந்தது.

"தகரக் கதவுதானேய்யா?"

"வெளியதாம்மா தகரம்," என்று விசும்பினான் பால்ராஜ். "நேத்துதான் மொதலாளி உள்பக்கமா அரை இஞ்ச் பிளேட்டு வச்சு, அவரே வெல்டு அடிச்சாரு. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

தோளைத் தடவிக்கொண்டிருந்த கங்காதரன் அதைக் காதில் வாங்காமல் கம்பெனி போனைச் சுழற்றினார். "கேஸ் கட்டிங் கடையா? தகரக் கதவு ஒண்ணு வெட்டணும். உயிர் விஷயம். ஓடி வா!"

கள்ளிக்குப்பத்திலிருந்து கன்னியப்பன் வந்தான். மீன்பாடி வண்டியில் இரண்டு சிலிண்டர். டார்ச் நுனியில் மாட்டிய நாசிலில் சந்தனமும் குங்குமமும்.

"இன்னா மேடம், நாளும் கெழமையுமா? சாமியாண்ட வச்ச சாமான எடுக்கக் கூடாது. உயிர்னாங்களேன்னு ஒரே ஒரு நாசில மட்டும் கும்புட்டு எடுத்தாந்தேன்."

"மணவாளனைத் தெரியுமா?"

"பேச்சுவார்த்தை இல்ல மேடம். இந்த வாசப்படி மிதிச்சு ஆறு மாசமாவுது."

டப்! நீலச் சுடர் சீறியது. தீப்பொறி மழை. பூட்டைச் சுற்றி வட்டம் போட்டு, டார்ச்சை அணைத்தான். கங்காதரன் வாளித் தண்ணீரை ஊற்ற... உஸ்ஸ்ஸ்! கதவு இன்னும் தொட முடியாத சூடு.

"வழவழன்னு வெட்டிட்டியே!"

"நாசில் கரீட்டா இருந்தா வெண்ண மாதிரி போவும் மேடம்."

"எல்லா நாசிலும் ஒண்ணுதானே?"

கன்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தெப்படி? தகரத்துக்கு சின்ன ஓட்ட. மொத்த பிளேட்டுக்குப் பெரிய ஓட்ட. தகரத்துல பெருசப் புடிச்சா கந்தலாப் பூடும். பிளேட்டுல சின்னதப் புடிச்சா பாதிலயே நின்னுடும்!"

"இது?"

"பெருசு மேடம்."

"போன்ல தகரம்னுதானே சொன்னாரு?"

கன்னியப்பன் அவசரமாக கேஸ் டியூபைச் சுருட்டத் தொடங்கினான்.

"தெரியாதவன் ரெண்டையும் எடுத்துட்டு வருவான். உள்ள பிளேட்டு வந்ததே நேத்துதான். உனக்கு யார் சொன்னது... பூஜை போட்டியே, அந்தச் சாமியா?"

டார்ச் நழுவிக் கீழே விழுந்தது.

"திருட்டு சிலிண்டர் விக்கறேன்னு போலீசாண்ட போட்டுக் குடுப்பேன்னான் மேடம். மத்தியானம் வந்து நியாயம் கேட்டேன். எகிறுனான். ஸ்பேனரால ஒண்ணு போட்டு உள்ள தள்ளிட்டேன். கதவ இழுத்துப் பூட்டச் சொல்லதான் உள்பக்கம் பிளேட்டப் பாத்தேன். சாவியக் கொரட்டூர் ஏரில வீசிட்டேன். ஆமா... நான்தான் கொன்னேன்!"

விலங்கு பால்ராஜ் கையிலிருந்து கன்னியப்பன் கைக்கு இடம் மாறியது. பால்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

அப்போது...

உள்ளேயிருந்து ஒரு தும்மல்!

கங்காதரன் கதவை இழுத்தார். மண்டையில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு மணவாளன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது பூஜைக்குக் கரைத்து வைத்த ஆரத்தித் தவலை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு!

"அப்ப நான் கொலை பண்லியா மேடம்?" கன்னியப்பன் குரலில் லேசான ஏமாற்றம்.

"முயற்சி பண்ணியிருக்கே. அதுக்கும் செக்‌ஷன் இருக்கு, ஏறு!"

மணவாளன் தள்ளாடி எழுந்து வந்து, வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"பிசிறே இல்ல... கன்னியப்பன் வேலைதானே? மேடம், இத்த திரும்ப ஒட்றதுக்கும் அவனையே அனுப்புங்க!"

"அனுப்பறேன் சார். ஒரு ஏழு வருஷம் கதவை ஒருக்களிச்சு வச்சுக்குங்க!"