கேரியர் மேல் ஒரு கூடாரம்

மேகம் கீழே இறங்குவதற்குள் நாங்கள் மேலே ஏறிவிட்டோம். கரியாலூரைத் தாண்டி, தார் ரோடு மண் ரோடாக மாறும் ஒரு திருப்பத்தில், சாத்திக் கிடந்த டீக்கடைக்கு எதிரே கொஞ்சம் சமதரை இருந்தது. ஜீப்பை அங்கே நிறுத்தினேன். ஈர மண் வாசனை. எங்கோ பள்ளத்தில் ஒரு மாட்டு மணி.

"இன்னாங்க, இங்கயா?" என்றாள் சுபஸ்ரீ.

"பெரிய ஓட்டல்மா. ரூம் மாடியில இருக்குது" என்று வண்டியின் தலையைக் காட்டினேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை கூத்தும்.

எங்கள் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதோடு சுபாவின் தூக்கமும் போனது. டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்குக் கண் மூடியது, தூக்கம் வரவில்லை. தூளி கட்ட அடித்து வைத்திருந்த கொக்கியையே பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். கொக்கியைப் பிடுங்கிப் போட்டேன். பிறகு கொக்கி இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வண்டி மேல கூடாரம் போட்டு, உசரத்துல படுத்தா தூக்கம் வரும்போல இருக்குதுங்க" என்றாள். மூளை உள்ளவன் ஏற்காட்டில் ரூம் போட்டிருப்பான். நான் வண்டியே வாங்கிவிட்டேன். வெள்ளிமலைப் பக்கம் கருப்பண்ணன் என்பவர் ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த பழைய டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். ஓட்டுகிறவனின் நாடி நரம்பையும் சேர்த்து இழுக்கும்.

கள்ளக்குறிச்சியில் நான் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். கரண்டு போனால் ஊரே இளஞ்செழியனைத்தான் தேடும். ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிற எனக்கு இருட்டென்றால் கொஞ்சம் உதறல் என்பது வெல்டிங் பட்டறைப் பழனிக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அவன் பட்டறையில்தான் வேலை நடந்தது.

"இன்னா செழியா, வூட்ட இடிச்சி வண்டி மேல கட்டச் சொல்றியா?"

"கட்டுடா. வாடகைக்கு உன்ன வச்சிக்கிறேன்."

பின்சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி, பக்கத்தில் இன்வெர்ட்டர், பானட் மேல் விரிக்க ஒரு சோலார் தகடு, கூடாரத்துக்குள் விளக்கும் சின்ன ஃபேனும், கீழே வெந்நீர் கெட்டிலுக்கு ஒரு பிளக். கூரையில் ஏற்கெனவே கனத்த இரும்பு கேரியர் ஒன்று இருந்தது. ஆள் நீளம், ஆள் அகலம். பழனி டேப்பை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இத வெட்டிடலாமா?"

"விடுடா. கூடாரத்துக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குது."

அப்படிச் சொன்ன வாயைத்தான் இப்போது எதால் கழுவுவது என்று தெரியவில்லை.

மலைக்குக் கிளம்பிய அன்று சுபா ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பெரியாஸ்பத்திரியைக் கடக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கள் குழந்தை போனது அங்கேதான். எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தாங்காதபோதெல்லாம் நான் கோமாளி ஆகிவிடுவேன். தலையை வெளியே நீட்டி, பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினேன்.

"பெரியாஸ்பத்திரி, பெரியாஸ்பத்திரி! மலைக்குப் போறவங்கல்லாம் ஏறிக்கோ!"

அவள் உதடு லேசாக விரிந்தது. அது போதாதா? வழியெல்லாம் போர்டு பார்த்துப் பார்த்துக் கத்தினேன். கச்சிராயப்பாளையம்! கோமுகி டேம்! கொண்டை ஊசி வளைவுகளில் பெயர் இல்லாத கிராமங்களுக்கும் நானே பெயர் வைத்தேன். கரியாலூரில் அவள் வாய்விட்டே சிரித்தாள். கடைசியாக ஒரு துருப்பிடித்த போர்டைப் பார்த்து, "அடுத்தது மேல்மாம்பட்டு!" என்று கத்தினேன்.

ஆனால் மேல்மாம்பட்டுக்கு நாங்கள் போகவில்லை. அதற்கு முந்தின திருப்பத்திலேயே இடம் நன்றாக இருந்ததால் நின்றுவிட்டோம்.

கூடாரத்தை விரித்து ஏணியைச் சாய்த்தேன். சுபா ஏறிப் படுத்தாள். நான் கீழே கெட்டிலை மாட்டிவிட்டு நின்றேன். பொழுது சாயும் நேரம். மேகம் மரங்களுக்கு நடுவே புகை மாதிரி நுழைந்து, டீக்கடையை மறைத்து, பிறகு ரோட்டையும் மறைத்தது. மாட்டு மணி நின்றுவிட்டது. பூச்சிகள்கூடக் கத்தவில்லை. கெட்டில் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

துணியின் மேல் உள்ளங்கை படுகிற சத்தம். அவசரமே இல்லாத தட்டல். பூச்சி ஏதாவது அடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா தட்டுங்க" என்றாள் சுபா, மேலே.

நான் கீழே இருந்தேன்.

"சுபா?"

"ம்... பேசாதீங்க. தூக்கம் வருது." குரல் கரைந்துகொண்டிருந்தது. "உங்க கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்குது?"

என் கை கொதிக்கிற கெட்டிலின் மேல் இருந்தது.

கூடார விளக்கின் சுவிட்ச் கீழே, என் பக்கத்தில். போட்டேன். வெளிச்சம் துணியை மஞ்சளாக நிரப்பியது. படுத்திருக்கும் சுபாவின் நிழல் தெரிந்தது.

அவள் தலைமாட்டில் ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது.

தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தது. ஒரு கை மட்டும் மேலே எழுந்தது, இறங்கியது.

தட்.

ஏணியின் முதல் படியில் என் ஒரு கால் இருந்தது. மற்ற உடம்பு முழுக்கக் கச்சிராயப்பாளையத்துக்குக் கிளம்பிவிட்டது. அதை எப்படியோ இழுத்துப் பிடித்து ஏறினேன். ஜிப்பைத் திறந்தேன்.

சுபா மட்டும்தான் இருந்தாள். வாயைத் திறந்தபடி, மெல்லிய குறட்டையோடு. உள்ளே பச்சை உடம்புக்காரிக்குப் பூசும் மஞ்சள் வாசனையும், அதற்கு அடியில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனையும் அடித்தன.

எழுப்பியிருக்க வேண்டும். அப்படியே தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ நாள் கழித்து அவள் தூங்குகிறாள். அந்த முகத்தைப் பார்த்தவன் எவனும் எழுப்பமாட்டான். யாராக இருந்தாலும் சரி, தூங்க வைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இறங்கி, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். விடியும்வரை தலைக்கு மேல் அந்தத் தட்டல் நிற்கவில்லை.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

உலுக்கினேன். தண்ணீர் தெளித்தேன். மூச்சு சீராக வந்தது. முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை. இமையைப் பிரித்துப் பார்த்தால், கருவிழி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்க் கடைக்காரம்மா தகரக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆயம்மாள் என்று பெயர்.

"அது கருப்பண்ணன் வண்டியாச்சே? இன்னாய்யா இது, மேல மச்சு வூடு கட்டி வச்சிக்கிற?"

"அம்மா, என் பொண்டாட்டி எழுந்திரிக்க மாட்டேங்குறாம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேரியரைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் ஊர்ப் பேரு கத்திக்கினே வந்தது நீதானா?"

"ஆமா. சும்மா, தமாசுக்கு..."

"தமாசா? யார் வூட்டுப் பொணமோ வருதுன்னு நான் கடைய சாத்திக்கினேன்யா!"

பிறகுதான் சொன்னாள். கீழே ஆஸ்பத்திரியில் யாராவது செத்துப்போனால், அந்தக் காலத்திலிருந்தே ஜீப் கேரியரில் படுக்க வைத்துத்தான் மலைக்குக் கொண்டுவருவார்கள். கீழே செத்தவர்களுக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாது என்று, ஆஸ்பத்திரி வாசலில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டு, வழியில் ஒவ்வொரு ஊர் வரும்போதும் டிரைவர் பெயர் சொல்லிக்கொண்டே வருவார். வீட்டு வாசல் வந்ததும், வந்துட்டோம் எறங்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் இறங்குவார்கள்.

"மேல்மாம்பட்டு வேடியப்பன் பொண்டாட்டி, தமிழ்ப்ரியா. புள்ள பெத்துட்டு பெரியாஸ்பத்திரியிலயே போய்ட்டா. இதே வண்டிலதான் வந்தா. செம மழ, ரோடு அறுத்துக்கிச்சி. இந்தத் திருப்பத்திலேர்ந்து தோள் மேல தூக்கிக்கினு நடந்தாங்க. கருப்பண்ணன் வண்டிய திருப்பிக்கினு போய்ட்டான். அந்த மழையில எறங்குன்னு சொல்ல யாருக்கு ஞாபகம் வரும்?" கேரியரைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "ஒடம்பு போயிடிச்சி. அவ போவல."

"இப்ப நான் இன்னா பண்றது?"

"கூப்ட்டவன் நீதான? கொண்டுபோய் வுடு."

"நீங்களும் வாங்கம்மா."

"நான் வந்தா கடைய யார் பாக்கறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடாரத்தை விரித்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. நானே பழனிக்குப் பத்துத் தடவை சொன்ன விதி. மேலே அசையாமல் கிடப்பவளை வைத்துக்கொண்டு எப்படி மடக்குவது? முதல் கியரில், மாடு நடக்கிற வேகத்தில் போனேன். கிளைகள் துணியை உரசின.

மேல்மாம்பட்டு என்பது சில ஓட்டு வீடுகளும் சாமைக் கொல்லையும்தான். ஒரு குழந்தை அழும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை. ஊர் முகப்பில் வண்டியை நிறுத்தினேன். ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற எனக்கு அப்போது காற்றுதான் வந்தது.

"மேல்மாம்பட்டு வந்துட்டோம். எறங்கும்மா... தமிழ்ப்ரியா."

அழுகை நின்றது.

ஏணி முனகியது.

படியில் ஒரு கால் இறங்கியது. வெறுங்கால். விரலில் மெட்டி. அந்த மெட்டியை நான்தான் போட்டேன்.

சுபாதான் இறங்கினாள். கண்கள் திறந்திருந்தன. என்னைத் தாண்டி, ஒரு கல்லைக்கூட மிதிக்காமல், வளைந்து போகும் பாதையில் நடந்தாள். இந்த ஊருக்கு அவள் வந்ததே இல்லை.

"சுபா!"

திரும்பவில்லை. இன்னொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியிருப்பாளோ என்னவோ. திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் கூப்பிடவில்லை.

கடைசி வீட்டு வாசலில் ஒருவன் தோளில் குழந்தையோடு நின்றிருந்தான். வேடியப்பன். அவள் நடந்து வருவதைப் பார்த்தான். முகத்தை அல்ல, நடையை. யார் என்று அவன் கேட்கவில்லை. கை நீட்டினாள், குழந்தையைக் கொடுத்தான். தாழ்ந்த கூரையின் விளிம்பு எங்கே இடிக்கும் என்று தெரிந்தவள் போலச் சரியாக அங்கே குனிந்து உள்ளே போய், முதுகைக் காட்டி மூலையில் உட்கார்ந்தாள்.

நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். இரண்டு புருஷன்கள், ஒருத்திக்காகக் காத்துக்கொண்டு. உள்ளே போனவள் யாருடைய மனைவி என்று கேட்கும் தைரியம் இருவருக்கும் இல்லை.

வெகுநேரம் கழித்து வேடியப்பன், "பொறந்ததுலேர்ந்தே தூங்காதுங்க. புட்டிப் பால் ஒத்துக்கல" என்றான். "இப்ப தூங்குது."

பிறகு சுபா வெளியே வந்தாள். தலை கூரையில் நன்றாகவே இடித்தது.

"அம்மா! ...இன்னாங்க, இது யார் வூடு? எப்ப வந்தோம்?"

இடித்த தலையைத் தேய்த்துவிட்டபடி நான் அழுதேன். தூசி விழுந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். வண்டி ஏறும்போது வேடியப்பன் என்னிடம்தான் கேட்டான், ஆனால் கண் அவள் மேல் இருந்தது.

"திரும்ப வருவீங்களாங்க?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

மலை இறங்குகையில் பக்கத்து சீட்டில் அவள் தூங்கிவிட்டாள். நல்ல, மனிதத் தூக்கம். முந்தானை விலகியிருந்ததைச் சரிசெய்யப் போனேன். ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது. பால். மாத்திரை கொடுத்து எப்போதோ வற்றவைத்த பால்.

மறுநாளே கூடாரத்தைக் கழற்றிப் பழனி பட்டறையில் போட்டேன். "இன்னாடா ஆச்சி?" என்றான். "காத்து ஜாஸ்தி" என்றேன். கேரியரையும் வெட்டச் சொன்னேன். வெட்டினான்.

இப்போது சுபா சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். என் தமாசுகளுக்குச் சிரிக்கிறாள், சிரிக்கத் தகாத தமாசுகளுக்குக்கூட. என் சுபா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். அவள் வாசலில், ஜீப் பக்கத்தில் நின்றிருந்தாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். எனக்காகக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. பக்கத்தில் போனதும், புது ஆளிடம் பேசுவது போல ஓர் அடி விலகி, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"டிரைவரண்ணே, வண்டி எப்பண்ணே எடுப்பீங்க? புள்ள பசிச்சிக்கினு இருக்கும்."