பட்டப்பகலில் எரிந்த ஹெட்லைட்

கண்ணுசாமியின் உடல் புளியமரத்தடியில் கிடந்தது. தலை மண்ணில், கால்கள் தார் ரோட்டில். அவர் தலையில் சுமந்து வந்த அகத்திக் கட்டு அவிழ்ந்து சாலையெங்கும் சிதறியிருந்தது. அவர் வளர்த்த ஆடுகளே அதைச் சுற்றி நின்று மேய்ந்தன. அவற்றை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் மூன்று மணி. வல்லத்திராக்கோட்டைக்குப் போகும் அந்தக் கிளைச்சாலை வெயிலில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் இருபுறத்துப் புளியமரங்களும் மேலே கைகோத்து வெயிலை அடைத்திருந்தன. கண்ணுசாமி செத்தது அந்த நிழலுக்குள்.

சப்-இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் ரோட்டைத்தான் முதலில் பார்த்தார். ஹெட்லைட் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. பிரேக் அடித்த தடம் இல்லை. இடிப்பதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இறந்தவரின் மனைவி இருளாயி அழுது முடித்திருந்தார். எதிர்வயலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வெள்ளைக் கார், பெரிய கார். ஓட்டியது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, கண்ணாடியில் வெயில் அடித்தது. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நெழலுக்குள்ள நொழைஞ்சதும் காரு லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுச்சும்மா. ரெண்டு லைட்டும். அதுக்கப்புறம்தான் இடிச்சுச்சு."

ஏட்டு அறிவுச்செல்வன் வாக்குமூலத்தில் அதை எழுதவில்லை. பட்டப்பகலில் எவன் லைட்டைப் போட்டுக்கொண்டு வருவான், பாவம், அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறது என்பது அவர் எண்ணம். எழுதியதை வாசித்துக் காட்டியபோது இருளாயி கைநாட்டு வைக்க மறுத்தார். லைட்டு எரிந்ததை எழுதினால்தான் விரலை நீட்டுவேன் என்றார். எழுதச் சொன்னது புவனேஸ்வரி. ஏட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார்.

மறுநாள் காலையிலேயே கார் கிடைத்துவிட்டது. திருமயம் பக்கத்து ஊரொன்றில், சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு வியாபாரக் குடும்பத்தின் ஷெட்டில் நின்றது. இடது ஹெட்லைட் உடைந்திருந்தது. ரோட்டில் பொறுக்கிய துண்டுகள் அதில் கச்சிதமாகப் பொருந்தின.

காரின் சொந்தக்காரர் சொக்கு ஆறடி உயரம், நிதானமான பேச்சு. டிரைவர் பொற்கொடி ஓட்டியிருக்கிறாள் என்று வருத்தத்தோடு சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனாளாம். அவரும் மனைவி விசாலியும் மகன் கணேஷும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

பொற்கொடிக்கு இருபத்தொன்பது வயது, குள்ளமான உருவம். அந்தக் குடும்பம் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள்தான் கார் ஓட்டுவாள். ஸ்டேஷன் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மத்தியானம் எங்கே இருந்தே?"

"காரை ஷெட்டுல விட்டுட்டு, பின்கட்டுல சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தேங்க. சாயங்காலம் வந்து பாத்தா லைட்டு ஒடைஞ்சு கெடந்துச்சு. ஐயாகிட்ட கேட்டேன். காலையில பேசிக்கலாம்னாரு."

"சாவி?"

"என் பையிலதாங்க இருந்துச்சு."

"சீட்டு எப்படி இருந்துச்சு? யாராச்சும் நகர்த்தியிருந்தாங்களா?"

பொற்கொடி ஒரு கணம் யோசித்தாள். தனக்குக் கெடுதலாகப் போகும் பதில் அது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"இல்லங்க. நான் விட்ட எடத்துலேயே இருந்துச்சு."

ஏட்டு நாற்காலியில் சாய்ந்தார். சாவி அவள் பையில், சீட்டு அவள் அளவில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மத்தியானத்துக்குள் சொக்குவின் வக்கீலும் வந்துவிட்டார். அவர் பொற்கொடியிடம் தனியாகப் பேசினார். வேண்டுமென்று செய்ததில்லையே, விபத்துதானே, ஒத்துக்கொண்டால் உடனே ஜாமீன், கோர்ட்டு அலைச்சலெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வேலையும் போகாது என்றார். இதற்கு முன் பல டிரைவர்களிடம் பலித்த பேச்சு அது. பொற்கொடி முழுதாகக் கேட்டுவிட்டு, ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"ஓட்டுனது நான் இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன். என்னைய உள்ள வைக்கிறதா இருந்தா வைங்க."

மேலதிகாரி போனில் புவனேஸ்வரியைக் கூப்பிட்டு, சாதாரண விபத்து வழக்கை ஏன் இழுக்கிறாய், இன்றைக்கே முடி என்றார். கார் எது என்பது தெரிந்துவிட்டது, ஓட்டியது யார் என்பது தெரியவில்லை, தெரியாமல் முடிக்க மாட்டேன் என்று புவனேஸ்வரி சொன்னார். எதிர்முனையில் போன் பட்டென்று வைக்கப்பட்டது.

அவர் நேராகச் சொக்குவின் வீட்டுக்குப் போனார். நீளமான பட்டகசாலைக் கூடம். பகலிலும் விளக்குகளெல்லாம் எரிந்தன. கணேஷ் அப்பாவைவிட உயரம். கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னான், விரல்களைச் சொடுக்கிக்கொண்டே இருந்தான். வேகமாக ஓட்டுவானா என்று கேட்டதற்கு, சென்னையில் ஓட்டுவேன், இங்கே ஓட்டுவதில்லை என்றான். ஏட்டு புவனேஸ்வரியை அர்த்தத்தோடு பார்த்தார். டிரைவர் இல்லையென்றால் இந்தப் பையன்தான் என்பது அந்தப் பார்வை.

விசாலி வெயில் கொட்டும் முற்றத்திலிருந்து வந்தார். நிலைப்படியைத் தாண்டியதும் நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்தே உள்ளே நடந்து வந்தார். போலீஸைப் பார்த்துத் தயங்குவதுபோலத்தான் இருந்தது. குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. காபி குடிக்கச் சொன்னார். பொற்கொடியைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்ல பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

காருக்கு இன்னொரு சாவி உண்டா என்று புவனேஸ்வரி கேட்டார். சொக்கு தயங்காமல் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து பீரோவில்தான் இருக்கிறது, ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை என்றார். அதை அப்படியே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் புவனேஸ்வரி.

மூன்று மணிக்கு அதே புளியமரச் சாலையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பொற்கொடியின் சாவியை வைத்துக்கொண்டு ஏட்டு ஓட்ட, புவனேஸ்வரி ரோட்டோரம் நின்று பார்த்தார். வெயிலிலிருந்து கார் நிழலுக்குள் நுழைந்தது. விளக்கு எரியவில்லை. மூன்று தடவை ஓட்டியும் எரியவில்லை.

"பாத்தீங்களா மேடம். அந்தம்மா சொன்னது பிரமைதான்."

விளக்கின் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருந்தது. அப்படி வைத்தால், வெளியே இருட்டினதும் கண்ணாடியின் மேலே உள்ள சென்சார் பார்த்துத் தானாக விளக்கைப் போடும். எவ்வளவு இருட்டினால் போட வேண்டும் என்பதை டிரைவரே மாற்றிக்கொள்ளலாம். புவனேஸ்வரி காரின் திரையைத் தொட்டு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். சீக்கிரம், நடுத்தரம், தாமதம் என்று மூன்று அளவுகள். 'தாமதம்' என்பதில் புள்ளி இருந்தது.

கூட அழைத்து வந்திருந்த பொற்கொடியைக் கேட்டார். தான்தான் அப்படி வைத்ததாக அவள் சொன்னாள். கம்பெனியிலிருந்து வந்தபோது நடுத்தரத்தில் இருந்ததாம். பாலத்துக்கு அடியில் போனாலே லைட் எரிந்ததாம், எதிரே வருகிறவர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்களாம். சலித்துப்போய்க் குறைத்துவிட்டாளாம்.

அப்படியானால் இருளாயி பார்த்தது பொய்யா? புவனேஸ்வரி திரையை மூடப்போனார். கை நின்றது. மூலையில் சின்ன எழுத்தில் 'டிரைவர் 1' என்று இருந்தது.

ஒன்று என்று இருந்தால் இரண்டும் இருக்க வேண்டும்.

ஷோரூமுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வந்த பதிலைக் கேட்டு, நாளைக்கு எல்லோரையும் இதே இடத்துக்கு வரச் சொல்லுங்கள் என்று ஏட்டிடம் சொன்னார்.

மறுநாள் அதே நேரம். சொக்கு, விசாலி, கணேஷ், வக்கீல் நால்வரும் ஒரு பக்கம் நின்றார்கள். பொற்கொடி தனியாக நின்றாள். இருளாயி புளியமரத்து வேரின் மேல் உட்கார்ந்திருந்தார். புருஷன் விழுந்த இடத்தை விட்டு அவர் பார்வை நகரவில்லை.

முதலில் பொற்கொடியின் சாவி. கார் நிழலுக்குள் வந்தது, விளக்கு எரியவில்லை. வக்கீல் சிரித்தார்.

புவனேஸ்வரி அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டாவது சாவியை ஏட்டிடம் கொடுத்தார். கார் வெயிலுக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தது. மரங்களின் நிழல் பானெட்டில் விழுந்த கணத்தில் உடையாத வலது விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இருளாயி எழுந்து நின்றுவிட்டார். "இப்படித்தான்" என்றார். "இப்படித்தான் எரிஞ்சுச்சு."

ஏட்டு இறங்கி வந்து இருளாயியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

புவனேஸ்வரி விளக்கிச் சொன்னார். இந்தக் கார் எந்தச் சாவி உள்ளே இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சாவிக்காரர் வைத்த அளவுப்படி விளக்கைப் போடும். பொற்கொடியின் சாவியில் 'தாமதம்', பகலில் மரநிழலுக்கு எரியாது. நடுத்தரத்தில் வைத்தும் நீங்கள் வருவதற்குச் சற்று முன் இங்கே ஓட்டிப் பார்த்தாயிற்று, அதற்கும் எரியவில்லை. இரண்டாவது சாவியில் மட்டும் 'சீக்கிரம்' என்று இருக்கிறது.

"பீரோவை விட்டு வெளியே வராத சாவின்னு எழுதிக் குடுத்தீங்க. கைபடாத சாவின்னா கம்பெனி வெச்ச நடுத்தரத்துலதான் இருக்கணும். யாரோ இதை வெச்சு ஓட்டியிருக்காங்க. ஓட்டுனது மட்டுமில்ல, லைட்டு சீக்கிரம் எரியட்டும்னு தேடிப் புடிச்சு மாத்தியிருக்காங்க."

கணேஷ் ஒரு அடி பின்னால் போனான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொக்கு மகனை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் ஓட்டுனேன். எழுதிக்கங்க."

"நீங்க இல்ல" என்றார் புவனேஸ்வரி. "ஆறடி ஆளு சீட்டைப் பின்னாடி தள்ளாம இந்தக் காருக்குள்ள ஏறவே முடியாது. உங்க மகனும் அப்படித்தான். சீட்டு பொற்கொடி விட்ட இடத்துலேயே இருந்துச்சு. அவ உயரத்துல இருக்கிறவங்க ஓட்டியிருக்காங்க."

அவர் விசாலியின் பக்கம் திரும்பினார். நேற்று வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தபோது அவர் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கேட்டார். பகலிலும் பட்டகசாலையில் ஏன் அத்தனை விளக்கு? ரோட்டில் ஏன் பிரேக் தடமே இல்லை? நிழலுக்குள் நுழைந்ததும் கண் தெரியாதவருக்குத்தான் பகலிலும் விளக்கு வேண்டும். எதிரே ஆள் இருப்பதே தெரியாதவர்தான் பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார்.

சொக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். விசாலி அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"போதும்ங்க. எனக்காக ஒரு பொய்யி சொன்னீங்க. அது அந்தப் பொண்ணு தலையில போய் நின்னுருச்சு. இனிமே சொல்லாதீங்க."

அவர் குரல் நடுங்கவில்லை. போன வருஷமே கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கார் ஓட்டுகிறவர். ஸ்டீயரிங்கை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் இரண்டாவது சாவியோடு தனியாகப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் கொஞ்ச நேரம் எல்லாம் கறுத்துவிடும். விளக்கு முன்கூட்டியே எரிந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

"அன்னைக்கு ஒண்ணுமே தெரியல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஆடுன்னு நெனைச்சேன்."

"எறங்கிப் பாத்தியா?" இருளாயி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

விசாலி இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வயக்காட்டுலேர்ந்து நான் ஓடியாரேன். உசுரு இருந்துச்சு. என்னையப் பாத்தாரு. காரு இங்கிட்டு நின்னுருந்தா ஆசுபத்திரிக்குப் போயிருக்கலாம்." இருளாயி அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. விசாலி அவர் காலில் விழக் குனிந்தபோது, இரண்டடி விலகி நின்றுகொண்டார்.

பெண் காவலர் விசாலியை ஜீப்பில் ஏற்றினார். சொக்கு ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய்த் தகவல் கொடுத்ததற்கு அவரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று ஏட்டு சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் புவனேஸ்வரி பொற்கொடியிடம் செல்போனையும் லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். வாசலில் காத்திருந்த வக்கீல் அவளை நெருங்கினார். விசாலி ஆச்சி மனசு உடைந்து போயிருக்கிறார், நடந்ததை மறந்துவிடு, வேலைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

பொற்கொடி அவரைத் தாண்டி மறுபடி உள்ளே வந்தாள். அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. புவனேஸ்வரியின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு புகார் எழுதணும்ங்க. செய்யாத கொலையை என் தலையில கட்டப் பாத்தாங்கன்னு. சொக்கு ஐயா மேலயும், கையெழுத்துப் போடச் சொன்ன இந்த வக்கீல் மேலயும்."

புவனேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தார். இதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டிலும் அவளை டிரைவராகக் கூப்பிட மாட்டார்கள் என்று எச்சரித்தார். அது பயமுறுத்தல் இல்லை, நிஜம்.

"கூப்பிட வேணாம்ங்க. பஸ் ஓட்டுவேன், லாரி ஓட்டுவேன். இன்னொருத்தர் ஓட்டுன வண்டிக்கு நான் உள்ள போக மாட்டேன்."

வக்கீல் வாசலிலேயே நின்றார். ஏட்டு அறிவுச்செல்வன் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஃபேன் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. பொற்கொடி இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் பெயரை முதல் வரியில் எழுதினாள்.