எட்டுப் பேர் உட்காரும் வண்டி

கோயம்புத்தூரில் வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அன்று மத்தியானம் வந்த பெரியவர் அதைக் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். தலையை உள்ளே விட்டு, மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு, "எத்தனை பேருங்க உக்காரலாம்?" என்றார்.

"எட்டுப் பேருங்க ஐயா. காலை நீட்டிக்கிட்டே போலாங்க," என்றான் அருள்குமார்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசி. அவிநாசி ரோட்டு ஷோரூமில் விற்பனைக்காரனாக அவன் சேர்ந்து ஐந்து மாதமாகியிருந்தது. காரின் சொகுசும் ஜீப்பின் உயரமுமாக வந்திறங்கிய அந்தப் புது வண்டியை எல்லோரும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் எடுக்கவில்லை. இந்த வாரமும் இப்படியே போனால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் நரசிம்மலு காலையில்தான் சொல்லியிருந்தார். அதனால், தன் பேர் வெள்ளியங்கிரி, காரமடைப் பக்கம் தோட்டம் என்று பெரியவர் சொன்னதுமே, ஓட்டிக் காட்ட அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கூட அவர் மனைவி ராசாத்தாளும் பத்து வயதுப் பேத்தியும் ஏறிக்கொண்டார்கள். மூவர் காலிலும் செருப்பில்லை. கோயில் வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் மேகம் தாழ இறங்கி, மூன்றரை மணி வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அருள்குமார் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினான். பவர் ஸ்டியரிங், ஒரு விரலால் திருப்பலாம். பின்சீட்டுக்கும் ஏசி காற்று தனியாக வரும். கடைசி சீட்டை மடக்கினால் நாலு மூட்டை தேங்காய் போடலாம். எந்தக் குழியில் இறங்கினாலும் அடியில் தட்டாது. சொல்லச் சொல்ல மூவரும் தலையாட்டினார்கள். ஒரே சமயத்தில், ஒரே அளவாக.

ஏசியை மீறி உள்ளே ஒரு வாடை அடித்தது. புது ரெக்சின் வாசனைக்கு அடியிலிருந்து, வெயிலே படாத தண்ணீரும் பாசி பிடித்த கல்லும் கலந்து மெல்ல மேலே வருவது போன்ற வாடை. ஏசியைக் கூட்டினான். வாடையும் கூடியது.

"ஏனுங்க தம்பி, செத்த ஓரங்கட்டுங்க. நம்ம பையன் நிக்கறான்," என்றார் வெள்ளியங்கிரி.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டிய திருப்பத்தில் ஓர் ஆளும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். பேச்சில்லாமல் ஏறினார்கள். கதவு சாத்திய சத்தம் மட்டும் ஈரத்துணியை அறைந்தது போலக் கேட்டது. அடுத்த பாலத்தருகே இரண்டு பெண்கள். அதற்கடுத்து ஒரு புளிய மரத்தடியில் மூன்று பேர், கைகோத்துக்கொண்டு.

"ஐயா, எட்டுப் பேருக்குத்தானுங்க எடம்," என்றான் அருள்குமார்.

"எடமிருக்குதுங்க கண்ணு," என்றாள் ராசாத்தாள், அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து. "நெருக்கி உக்காந்து எங்களுக்குப் பழகிப்போச்சுங்க."

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். தோளோடு தோளாக, மடிமேல் மடியாக முகங்கள். எண்ணத் தொடங்கினான். ஒன்பது வரை எண்ணியதும் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோயிற்று. இத்தனை பேர் அடைந்திருந்தும் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அந்தக் குழந்தை ஒருமுறைகூட அழவில்லை.

"அப்படியே எடது கைப்பக்கம் திருப்புங்க. தோட்டத்தைப் பாத்துப்போட்டுப் போயிரலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஸ்டியரிங் அவன் கைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு திரும்பியிருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருங்கிய இட்டேறி. ஒரு வண்டிதான் போகலாம். முள் கண்ணாடியைக் கீறிக்கொண்டே வந்தது. வீடில்லை. ஆளில்லை. ஒரு காக்கைகூட இல்லை. வேலி உயர உயர வெளிச்சம் வடிந்து, சாம்பல் நிறம் பச்சையாகிக்கொண்டு வந்தது.

அருள்குமார் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

அமைதி.

பிறகு அடியில் ஒரு சத்தம். களக். களக்.

கதவைத் திறக்கப் பார்த்தான். வரவில்லை. தோளால் மோதினான். வெளியே ஏதோ கனமாகச் சாய்ந்துகொண்டிருந்தது போல, அசையவில்லை.

பெரியவர் பக்கத்துச் சீட்டிலிருந்து மெதுவாகக் குனிந்தார். அவர் சட்டை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கண்ணாடி எப்படிங்க எறக்கறது?"

"சுவிட்சுங்க," என்றான். "அமுக்கினா தானா எறங்குமுங்க."

"அமுக்குங்க, பாக்கலாம்."

அமுக்கினான். சாவியைத் திருப்பி அமுக்கினான். இரண்டு கையாலும் அமுக்கினான். இறங்கவில்லை.

"எங்களோட கெணத்துல எறங்குன அந்த வண்டியில கைப்பிடி இருந்துச்சுங்க," என்றார் வெள்ளியங்கிரி. கோபமில்லை. மரியாதையான, களைத்த குரல். "சுத்திச் சுத்திப் பாத்தமுங்க."

அப்போதுதான் முன்கண்ணாடியைப் பார்த்தான். வெளிப்பக்கம். கீழ் ஓரத்தில் ஒரு கோடு. கரும்பச்சை. நேரான கோடு. அதற்கு மேலே வேலி, வானம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

கோடு ஏறியது. வைப்பரைத் தாண்டியது. அவன் நெஞ்சளவு. கழுத்தளவு.

கத்தினான். உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து கைகள் வந்தன. ஒன்று. இரண்டு. பிறகு நிறைய. அவன் தோளில், தலையில், குளிரக் குளிர, ஆதரவாகத் தடவின.

"பயப்படாதீங்க கண்ணு," என்றாள் ராசாத்தாள். "கொஞ்ச நேரந்தானுங்க."

கோடு அவன் கண்ணுக்கு மேலே போயிற்று. கண்ணாடிக்கு வெளியே ஒரு தவளை, வெள்ளை வயிற்றைக் காட்டி, காலை நீட்டி மடக்கி, மெல்ல மேலே நீந்திப் போனது.