பக்கத்துக் கட்டில்

நாகலிங்கத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. தனி ரூம். அரபு நாட்டில், புஜைரா துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் அவருடைய லேபர் கேம்ப். பன்னிரண்டு பேருக்கு ஒரு ரூம். பாதிப் பேர் பகல் டூட்டி, பாதிப் பேர் நைட் டூட்டி. எப்போது கதவைத் திறந்தாலும் யாராவது தலையோடு கால் போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். லைட் போடக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. தூங்குகிறவனுக்குச் சோறு எடுத்து வைக்காமல் சாப்பிடக் கூடாது. கேம்பில் இதெல்லாம் எழுதாத சட்டம்.

2007இல் கம்பெனி அவரை பம்ப் டிரெயினிங்குக்கு பாங்காக் அனுப்பியது. முடித்து வந்தால் ஃபோர்மேன் வேலை, தனி ரூம். ஊரிலிருந்து நாகவள்ளியை அழைத்துக்கொள்ளலாம். கல்யாணமான நாளிலிருந்து லீவில் மட்டுமே குடும்பம் நடத்தியவர், அந்த நினைப்பிலேயே விமானம் ஏறினார்.

பாங்காக் அவரைத் திக்குமுக்காட வைத்தது. பாறையும் மணலும் பார்த்துக் காய்ந்த கண்ணுக்கு அத்தனை பச்சை. ரோஸ் கலரில் டாக்ஸிகள். விடாத தூறல். சாக்கடை, பொரித்த மீன், மல்லிகை மூன்றும் ஒரே காற்றில் வந்தன. ஒரு நாற்சந்தியில் பிரம்மா உட்கார்ந்திருந்தார். ஊரில் கோயிலே அமையாத சாமிக்கு இங்கே இத்தனை மாலையா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கட்டடங்களின் வாசலில் எல்லாம் தூண்மேல் ஒரு குட்டி வீடு, அதன் முன்னால் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா. யாருக்கு என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் காதில் விழாதது போல ஓட்டினான்.

பழைய ஹோட்டல். திரை இழுத்த ரூம் மத்தியானத்திலேயே இருண்டு கிடந்தது. ஈரத்துணி வாசனை. இரண்டு கட்டில்.

ஜன்னலோரக் கட்டிலில் யாரோ போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

நாகலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. இங்கேயும் பங்காளியா? டிரெயினிங்குக்கு வந்த வேறு ஆளாக இருக்கும் என்று முடிவு கட்டினார். வேறு யாராவது என்றால் லைட்டைப் போட்டு யாரென்று பார்த்திருப்பார்கள். நாகலிங்கம் கேம்ப்காரர். பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்து, இருட்டிலேயே லுங்கி மாற்றினார்.

அன்று மாலை சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தபோதும் அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. பாதியைத் திரும்பக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தலைமாட்டில் வைத்தார். "பாய், கானா" என்று, கேம்பில் சாப்பிடக் கூப்பிடும் இந்தியில் முணுமுணுத்தார். காலையில் பொட்டலம் போட்ட ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தது.

உள்ளே சோறு இல்லை.

என்ன ஒழுங்கான மனுஷன் என்று மெச்சிக்கொண்டார். தினமும் வைத்தார். தினமும் அதே கதைதான். ஆனால் அவருக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு ரூம் குறட்டைக்கு நடுவில் தூங்கிப் பழகியவர், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே புரண்டார்.

பக்கத்துக் கட்டிலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கிளம்பும் நாளன்றும் அந்த ஆள் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். சொல்லாமல் போவது மரியாதை இல்லையே என்று நாகலிங்கம் கட்டிலருகே குனிந்தார். "வர்றேன் பாய். புஜைரா பக்கம் வந்தா நம்ம ரூமுக்கு வாங்க."

போர்வை மெல்லத் தலையாட்டியது.

கீழே சாவியைக் கொடுத்தபோது, கூட இருந்தவர் எந்த நாடு என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்தார். அவள் ரெஜிஸ்டரைப் பார்க்கவே இல்லை.

"உங்க ரூம்ல வேற யாரும் இல்ல சார்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாப்பாடு ஏதாவது வச்சீங்களா?"

"தினமும் வச்சேன்."

அவள் வாசலில் இருந்த குட்டி வீட்டைப் பார்த்தாள். "நாங்க அதுக்கு வெளியில வைப்போம். வெளியிலேயே இருக்கட்டும்னு. நீங்க உள்ள வச்சிட்டீங்க."

ரூமுக்கு வாங்க என்று அழைத்ததை அவளிடம் சொல்லாமலே நாகலிங்கம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

புஜைராவில் தனி ரூம் கிடைத்தது. பயத்தில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் தின்றார், லைட்டை அணைக்காமல் படுத்தார். மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல மெல்லத் தைரியம் வந்து நாகவள்ளிக்கு விசா எடுத்தார்.

அவள் வந்து இறங்கியது நல்ல வெயில் நேரம். சாவியை அவள் கையில் கொடுத்து, கைப்பையோடு முன்னால் அனுப்பிவிட்டு, டாக்ஸிக்குக் கணக்குத் தீர்த்து, பெட்டியை இறக்கிக்கொண்டு பின்னால் போனார். நாகவள்ளி உள்ளே போய்விட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"தனி ரூமுன்னுதானே சொன்னீங்க?" என்றாள், கிசுகிசுப்பாக.

"ஏன்?"

"மெதுவாப் பேசுங்க. அசந்து தூங்குறாக."

காலையில் அவர் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை, கட்டிலில் யாரையோ தலையோடு கால் மூடியிருந்தது. தலைமாட்டில் ஒரு தட்டு, மேலே மூடி.

"ஊர்ல இருந்து கொண்டாந்த புளிச்சோறு," என்றாள் நாகவள்ளி. "எந்திரிச்சா பசிக்குமுல்ல, பாவம்."

நாகலிங்கம் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.